எட்டாயிரம் சுற்று

மீராசாவின் கராஜில், வேலை மேசையின் ஓரத்தில் இரண்டு கிளாஸ்கள் இருந்தன. இரண்டிலும் நேற்றுக் குடித்த, பால் சேர்க்காத பிளேன்டீயின் மண்டி. ஒன்றை எறும்பு மொய்த்துக் கறுப்பாக்கியிருந்தது. மற்றதை ஓர் எறும்பும் எட்டிப் பார்க்கவில்லை.

அபுல் ஹஸன் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்து எறும்பெல்லாம் நோன்பு போல, நானா," என்றான் பின்னால் நின்ற ரஜிதன்.

"ஒரு ஆளுக்குச் சீனி வேணும். மத்த ஆளுக்குச் சீனி வேணாம்."

"இதுக்கா பாண்டிருப்பில இருந்து என்ர திரீவீலரக் கூப்பிட்டயள்? போன்ல சொல்லியிருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பனே."

ஹஸன் சிரிக்கவில்லை. அவருக்கு ஐம்பத்தைந்து வயது. முன்னர் பொலிசில் சார்ஜன்ட். எட்டு வருஷத்துக்கு முந்திய அந்த ஞாயிறு காலை, அவர் அம்பாறையில் கடமையில் இருந்தபோது கடல் வந்து கல்முனைக்குடி வீட்டை அள்ளிக்கொண்டு போனது. மகளின் உடலை மூன்றாம் நாள் கண்டெடுத்தார். மனைவி றாபியாவைக் கடைசிவரை காணவேயில்லை. ஒரு போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தபோது, வேறு ஆட்கள் தேடிய பலரை அவர் கண்டுபிடித்துக் கொடுத்தார். பிறகு சனங்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். காணாமல்போன மனிதர், களவுபோன மாடு, ஏமாற்றி வாங்கிய மோட்டார் சைக்கிள். பொலிஸ் வேலையை விட்டுவிட்டுக் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு மாடியறையை எடுத்துக்கொண்டார். அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனதற்கு யாருக்கும் சொல்லாத ஒரு காரணம் இருந்தது. துப்புத் துலக்குகிறவன் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம், உள்ளேயிருந்து யாராவது வந்து திறப்பார்கள். தன் வீட்டுக் கதவை அவரேதான் சாவி போட்டுத் திறக்க வேண்டியிருந்தது.

ரஜிதனுக்கு முப்பத்தாறு. திரீவீலர் ஓட்டுபவன், ஹஸனை அண்ணன் முறையில் 'நானா' என்கிற உதவியாளன், வாய் ஓயாதவன். யுத்தத்தின் கடைசி மாதத்தில் வன்னியில் நின்ற அவனுடைய அண்ணன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவனுடைய பகிடி கூடியதே தவிரக் குறையவில்லை. ஏன் என்று ஹஸன் கேட்டதும் இல்லை.

இன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை, மீராசாமேலான முறைப்பாட்டுக்குப் பொலிசில் இறுதி விசாரணை.

மீராசா ஒன்றரை வருஷமாக ஓர் எஞ்சினைக் கட்டினார். பெற்றோலும் மின்மோட்டரும் சேர்ந்து இழுக்கும் ஜப்பான் ஹைபிரிட் கார் ஒன்றுக்கான எஞ்சின். மாசியில் நடக்கவிருந்த கார் ஓட்டப் போட்டியில் இந்தத் தடவைதான் ஹைபிரிட்டுக்கென்று தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். காருக்குச் சொந்தக்காரன், ஓட்ட இருந்தவன், இருபத்திரண்டு வயது அர்ஹம். ஒன்பது நாளைக்கு முன், விடியற்காலையில், ஒலுவில் துறைமுக வீதியில் அவன் காரை விரட்டிப் பார்த்தபோது எஞ்சின் உடைந்து வெடித்தது. ஓயில் சக்கரத்தில் சிந்தி, கார் வழுக்கிப்போய்க் கடலோரக் கருங்கல்லில் மோதியது. அவனுடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இனி முழங்கால் முந்தி மாதிரி மடங்காதாம்.

ஹஸனிடம் வந்தவள் அர்ஹமின் அக்கா சிபானா. பள்ளிக்கூட ஆசிரியை. அழாமல் கதைத்தாள்.

"அந்த மனிசன் நல்ல சாமானெல்லாத்தையும் வித்துத் திண்டுட்டு, என்ட தம்பிக்குக் குப்பச் சாமான் பூட்டிக் குடுத்திரிக்கான். கேட்டா வாய் திறக்கிறானில்ல. நீங்க அத நிரூபிச்சுத் தாங்க. அவன் இனி ஒரு சைக்கிளையும் தொடப்படாது."

வாய் திறக்காத அந்த மனிதர் இப்போது கராஜின் மறு மூலையில் ஒரு பெட்டியின்மேல் குந்தியிருந்தார். மெலிந்த உடம்பு, நகத்துக்குள் கழுவிப் போகாத கறுப்பு. பத்து வருஷம் கட்டாரில் பந்தயக் கார் கராஜில் வேலை செய்தவர். கடல் வந்த அன்றைக்கும் அங்கேதான். மனைவி, மூன்று பிள்ளைகள். நாலு பேரின் கபுறு மேடுகளையும் அவர் முதலில் பார்த்தது போட்டோவில். ஊருக்கு வந்து சாய்ந்தமருதில் இந்தக் கராஜைப் போட்டு, பின்னறையிலேயே படுத்து எழும்பி வந்தார்.

உடைந்த எஞ்சின் சாக்கின்மேல் பரத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கச் சுவரில் ஒரு கை நுழையுமளவு ஓட்டை.

"தம்பி மீராசா," என்றார் ஹஸன். "நான் வழக்குக் கேக்க வரல்ல. எனக்கு எஞ்சின் தெரியா. ஒரு எஞ்சின எட்டாயிரம் சுத்துக்கு எப்படிக் கட்டுற எண்டு சொல்லித் தாங்க."

மீராசா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"கீழ் வேகத்தில மோட்டர் இழுக்கும். கரண்ட்டுக்குச் சுத்து வேணாம், தொட்ட உடன இழுக்கும். மேல பெற்றோல் எஞ்சின்தான் பாடணும். ஆனா பெக்டரிக்காரன் இத எண்ணெய் மிச்சம் புடிக்கத்தான் செஞ்சிரிக்கான். ஆறாயிரத்துக்கு மேல ஓடப் பிறந்த சாமான் இல்ல இது."

"ஓட்டினா?"

"வால்வு மூடுறதுக்கு முந்திப் பிஸ்டன் மேல வந்து முட்டும். அதுக்கு இறுக்கமான ஸ்பிரிங் வேணும். பிஸ்டனப் புடிச்சிரிக்கிற ரொட்டு, ஒரு நிமிசத்தில எட்டாயிரம் தரம் இழுபட்டு எட்டாயிரம் தரம் அமுங்கும். அடிச்சுச் செஞ்ச ரொட்டு வேணும், அதுக்கு மொத்தமான போல்ட் வேணும். நாலு பிஸ்டனும் ஒரே பாரமா இரிக்கணும். ஒண்டு கூடினாலும் எஞ்சின் தன்னத் தானே உதறி உடைக்கும்." அவருடைய கைகள் காற்றில் அளவெடுத்தன. குரல் உயர்ந்தது. "ஹைபிரிட்டில இன்னுமொரு கரச்சல் இரிக்கி. மோட்டர்ர உருளை எஞ்சின்ட கிராங் தண்டோடயே சேந்து சுத்தும். அது மயிரளவு சரிஞ்சா முடிஞ்சிது. ரெண்டையும் சேத்துக் கட்டித் தூக்கிட்டுச் சம்மாந்துறைக்குப் போனன். நெல் மில் தண்டு கடையிற லேத்துப் பட்டறை. பதினொரு தரம் போனன். பன்னிரண்டாம் தரம் சரி வந்திச்சு. பட்டறைக்காரன் சிரிச்சான், எனக்கு அண்டைக்கு..."

பேச்சு நின்றது. யாரோ தோளைத் தொட்டு நினைவூட்டியது போல அவர் சாக்கின்மேல் கிடந்ததைப் பார்த்தார்.

"அவ்வளவும் செஞ்ச எஞ்சின் ஏன் உடைஞ்சிது?"

"உடைஞ்சிட்டு. அவ்வளவுதான்."

"நேத்து ஆரு வந்து உங்களோட தேயில குடிச்ச?"

மீராசா எழுந்து பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நல்லாக் கதைச்ச மனிசன், நானா," என்றான் ரஜிதன். "நீங்கதான் கேள்வி கேட்டுக் கெடுத்துப்போட்டயள்."

ஹஸன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை மேசைக்கு மேலே ஒரு சிறிய ரோஸ் நிறத் தாள் ஒட்டியிருந்தது. அதில் 238.2 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு தரம் எழுதியிருந்தது.

"வாத்தியார் இம்போசிஷன் குடுத்தவரோ?" என்றான் ரஜிதன்.

"இந்தத் தாளில உங்கட வீட்டில ஒண்டும் சுத்தி வரல்லயா?"

ரஜிதன் கிட்டப் போய்ப் பார்த்தான். முகம் மாறியது. "என்ர மனிசிட தோடு. சீதேவி அக்காட நகைக்கடைத் தாள்."

ஹஸன் குனிந்து, உடையாமல் தப்பியிருந்த மூன்று பிஸ்டன்களையும் எடுத்துத் துணியில் சுற்றினார்.

*

கல்முனைக் கடைத்தெருவில் சீதேவியின் நகைக்கடை ஆறடி அகலம். புருஷன் போன பிறகு அவள்தான் தராசில் உட்காருகிறாள். மூக்கில் கண்ணாடி, முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்தராசு. ஹஸன் துணியை அவிழ்த்ததும் அவள் முகம் சுளித்தாள்.

"இத இன்னொருக்காக் கொண்டுவந்திட்டயளா? போன முறை மீராசா நானா வந்து ஒரு பகல் முழுக்க என்ர யாபாரத்தக் கெடுத்தவர்."

"என்ன செஞ்சார்?"

"என்ன செஞ்சவரோ! நாலு பிஸ்டனையும் ஒவ்வொண்டா வைக்கிற, பாரத்தப் பாக்கிற, பிறகு அடியில அரத்தால ரெண்டு ராவு ராவுற, திருப்பியும் வைக்கிற. தாலிக்கொடி நிறுக்க வந்த சனம் வெளியில நிண்டு பாக்குது. நாலும் ஒரே பாரம் வந்தப் பிறகுதான் எழும்பினவர். நானே எழுதிக் குடுத்தன். அவர் ராவின தூள என்ர மேசையில இருந்து நான் பொன்தூள் மாதிரிக் கூட்டி அள்ளினன்."

"இந்த மூண்டையும் ஒருக்கா நிறுங்க, அக்கா."

அவள் ஒவ்வொன்றாக வைத்தாள். முதலாவது, இருநூற்று நாற்பத்தொரு கிராம். இரண்டாவது, இருநூற்று முப்பத்தொன்பதரை. மூன்றாவது அதற்கும் ஒரு கிராம் கூட. சீதேவி கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு பிஸ்டனைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தடவினாள்.

"அரம் பட்ட அடையாளமே இல்லியே. இது நான் நிறுத்த சாமான் இல்ல."

"நிச்சயமா?"

"முப்பது வருசமா மாத்திக் கொண்டுவாற நகையத்தான் புடிச்சுக்கொண்டு இருக்கன்."

வெளியே வந்தபோது பத்தரை மணி வெயில் வீதியில் கொதித்தது. ரஜிதன் திரீவீலரை உயிர்ப்பிக்காமல் கைபிடியில் சாய்ந்துகொண்டான்.

"அப்ப அந்தப் பிள்ளை சொன்னது சரிதானே, நானா. பத்தரமாச் செஞ்ச பிஸ்டன் ஒரு இடத்தில, குப்ப பிஸ்டன் கார்ல. மனிசன் மாத்திப்போட்டான். வழக்கு முடிஞ்சிது. வாங்க, இறைச்சி ரொட்டி திண்டிட்டுப் போவம்."

"விக்கிற ஆள் அந்த ரோஸ் தாளச் சுவரில வச்சிரிப்பானா, ரஜி? நான் நல்ல சாமான் செஞ்சன் எண்டு தனக்கு எதிரா ஒரு சாட்சிய ஒட்டி வச்சிட்டு?"

ரஜிதன் யோசித்தான். "மறந்திருப்பான்."

"பதினொரு தரம் சம்மாந்துறைக்குப் போனத மறக்காத ஆள்."

*

அர்ஹம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால் தூக்கிக் கட்டப்பட்டுக் கிடந்தான். தாடி முளைக்கத் தொடங்கிய முகம். கட்டிலருகே சிபானா. யன்னலோரக் கதிரையில் வாப்பா பக்கீர் முகைதீன். வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிற போடியார், அறுபதைத் தாண்டியவர். மடியில் தொப்பியை வைத்து அதன் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மகன், எஞ்சின் எந்தச் சுத்தில உடைஞ்சிது?" என்று ஹஸன் கேட்டார்.

"ஏழாயிரத்து அறுநூறு."

"அதுக்கு முந்தி ஓட்டிப் பாக்கல்லயா?"

அர்ஹம் அக்காவைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான். "அதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி ஓட்டினன். ஆறாயிரத்தில வெட்டிச்சு. அதுக்கு மேல ஏறல்ல. எஞ்சின்ட மூளையில மீராசா நானா கடிவாளம் போட்டிருந்தார். எஞ்சின் புதிசுதானே, பயத்தில போட்டிருக்கார் எண்டு நினைச்சன். அக்கரைப்பற்றில ஒரு பொடியன் கொம்பியூட்டரால அத எடுத்துத் தந்தான்."

"இத நீ எனக்குச் சொல்லல்லயே!" என்றாள் சிபானா.

"கேட்டாத்தானே. கடிவாளம் எடுத்தா என்ன? எட்டாயிரம் தாங்கும் எண்டுதானே அவர் கட்டினவர். ஒன்றர வருசமா நான் பக்கத்தில நிண்டு பாத்த. ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும். அது உடைய ஏலா." அவன் தூக்கிக் கட்டிய காலைப் பார்த்தான். "காலக் கூட நான் பெரிசா நினைக்கல்ல. அவர் எனக்குப் பொய் சொல்லிட்டார் எண்டதுதான்..."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

சிபானா பேச்சை மாற்ற எழுந்தாள். மேசையில் இரண்டு பிளாஸ்க்குகள் இருந்தன. சிவப்புப் பிளாஸ்க்கைத் திறந்து ஹஸனுக்கும் ரஜிதனுக்கும் பிளேன்டீ ஊற்றினாள். பிறகு நீலப் பிளாஸ்க்கைத் திறந்து வாப்பாவுக்கு ஊற்றினாள்.

"இது என்ன, போடியாருக்கு மட்டும் வேற?" என்றான் ரஜிதன். "வசதியான ஆக்களுக்கு நல்ல தேயிலையோ?"

"வாப்பாக்குச் சீனி வருத்தம். ஒரு கரண்டி போட்டாலும் ஏறிடும்."

ரஜிதன் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸை அப்படியே பிடித்தபடி ஹஸனைப் பார்த்தான். ஹஸன் பக்கீர் முகைதீனைப் பார்த்தார். தொப்பி திருகுவது நின்றுவிட்டிருந்தது.

"போடியார்," என்றார் ஹஸன் மெதுவாக. "கொஞ்சம் வெளிய வாறீங்களா? வயலப் பத்தி ஒரு கத இரிக்கி."

*

ஆஸ்பத்திரி மதிலோரம் ஒரு வேப்பமரம் நின்றது. அதன் நிழலில் சீமெந்து வாங்கு. பக்கீர் முகைதீன் உட்கார்ந்ததும் அவருடைய இரண்டு கைகளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டன.

"மகன்ட கால முறிச்ச ஆள்ட கராஜில போய் நீங்க தேயில குடிக்கிறீங்க," என்றார் ஹஸன். "ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல போல. மகள் அந்த மனிசனப் பொலிசில குடுத்து மறியலுக்கு அனுப்ப ஓடித் திரியிறா. உங்களுக்கு என்ன விசயம் தெரியும்?"

ஓர் அம்புலன்ஸ் உள்ளே போனது. மருந்துப் பையோடு ஒரு பெண் வெளியே போனாள்.

"அண்டைக்கு அர்ஹமுக்குப் பதினாலு வயசு," என்று பக்கீர் முகைதீன் தொடங்கினார். "நான் விடிய வெள்ளாப்பில வயலுக்குப் போகக்குள்ள அவனையும் கூட்டிட்டுப் போனன். தண்ணி திருப்ப ஆளில்ல எண்டு. பெண்சாதியும் மத்த ரெண்டு பொடியனும் ஊட்ட. சிபானா ஹொஸ்டல்ல. நாங்க திரும்பி வரக்குள்ள ஊடு இருந்த இடம் கடல்." அவர் மதிலைப் பார்த்துக்கொண்டார். "அதுக்குப் பிறகு அவன நான் கூப்பிட்டுக் கேக்கிற தூரத்த விட்டு அனுப்பினதில்ல. எல்லாருக்கும் அது பகிடி. வளந்தான். கார் எண்டான். வாங்கிக் குடுத்தன். மறுகா ஓட்டப் போட்டி எண்டான்."

"மீராசாக்கிட்டப் போனீங்க."

"ஓம். எஞ்சின் முடிஞ்ச உடன எனக்குக் காட்டினான். பிள்ள பிறந்த ஊட்டில காட்டுற மாதிரி. எட்டாயிரம் தாங்கும் எண்டான். எனக்கு அது எஞ்சினாத் தெரியல்ல. மையத்துத் தூக்கிற சந்தூக்காத் தெரிஞ்சிச்சு. மூணு வாரம், அசறுத் தொழுகைக்குப் பிறகு போய் அவனுக்கு முன்னால குந்தினன். 'உனக்கு நாலு போச்சு, எனக்கு மூணு போச்சு. எனக்கு மிச்சம் இரிக்கிற ஆம்புளப் புள்ள இவன் ஒருத்தன். அவன் முதலா வந்து எனக்கு என்னத்துக்கு? ஊட்ட வந்தாப் போதும்' எண்டன். ஏலா எண்டான். 'அந்தப் புள்ளைக்குப் பொய் சொல்ல ஏலா' எண்டான். நான் அவன்ட காலப் புடிச்சன், தம்பி. என்ட வயசில."

ஹஸன் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கார்ல முதல் வந்த பெக்டரி எஞ்சின் மூலையில கிடந்திச்சு. அத எடுத்துப் பூட்டினான். ஆறாயிரத்துக்கு மேல போகாமக் கடிவாளம் போட்டான். 'தோப்பான், ஆனா ஊட்ட வருவான்' எண்டான். ஒருத்தருக்கும் சொல்றதில்ல எண்டு எனக்கு வாக்குத் தந்தான்." அவர் குரல் இறங்கியது. "அந்த நல்ல எஞ்சினப் பூட்ட உட்டிருந்தா என்ட புள்ள நடந்து திரிஞ்சிரிப்பான். நான்தான் அவன்ட கால முறிச்ச."

வேப்பம் பழுப்பிலை ஒன்றிரண்டு அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தன. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்த ஹஸனுக்கு, இன்றைக்குப் பிடிபட்ட மனிதரை என்ன செய்வதென்று தெரியவில்லை. தன்னிடம் ஒருவர் மிஞ்சியிருந்தால், அந்த ஒருவருக்காகத் தானும் எவன் காலையும் பிடித்திருப்பார். அப்படிப் பிடிப்பதற்கு ஒரு காரணம் இருப்பதே இந்த மனிதருக்குக் கிடைத்த பாக்கியம் என்று ஒரு கணம் நினைத்து, அந்த நினைப்பைப் பற்றி வெட்கப்பட்டார்.

"ஒன்பது நாளா அவன் உங்களுக்காக வாய மூடிட்டு இரிக்கான், போடியார். திங்கக்கிழமைக்குப் பிறகு அவன்ட கராஜும் இரிக்காது, பேரும் இரிக்காது. அவனுக்கு வேற என்ன இரிக்கி?"

"சொன்னா அர்ஹம் என்ட முகத்தில முழிக்க மாட்டான்."

"அவன் இப்ப மீராசாட முகத்தில முழிக்கிறானில்ல. உங்களுக்கு வர வேண்டியத அந்த மனிசன் இண்டைக்குச் சுமக்கிறான்."

பக்கீர் முகைதீன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். எழும்ப இரண்டு தடவை முயன்றார். மூன்றாம் தடவை ஹஸன் கை கொடுத்தார்.

*

சிபானா திரீவீலருக்குள் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே வாப்பா அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அவள் ஒருபக்கக் கம்பியையும் அவர் மறுபக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஹஸன் இருந்தார். ரஜிதன்கூட வழிநெடுக ஒரே ஒரு பகிடிதான் விட்டான், அதற்கும் அவனே சிரிக்கவில்லை.

கராஜுக்குள் நுழைந்ததும் மீராசா எழுந்து நின்றார். பக்கீர் முகைதீனையும் அவருக்குப் பின்னால் வந்த மகளையும் கண்டதும் விஷயம் விளங்கிவிட்டது.

"நான் ஒண்டும் சொல்லல்ல, காக்கா," என்றார் போடியாரிடம் அவசரமாக.

"தெரியும் மீராசா. நான் சொல்லிட்டன். அந்த வாக்க நான் உன்னட்ட இருந்து திருப்பி எடுத்துட்டன்."

சிபானா முன்னால் வந்தாள். "அந்த எஞ்சின் எங்க?"

மீராசா பின்னறைக் கதவைத் திறந்தார். அறையில் ஒரு கட்டில், ஒரு தொழுகைப்பாய். கட்டிலுக்குச் சரி பக்கத்தில், ஓர் இரும்புச் சட்டத்தின்மேல், படுக்கை விரிப்பால் கழுத்துவரை போர்த்த மாதிரி மூடப்பட்டு அது நின்றது. அவர் விரிப்பை எடுத்து நாலாக மடித்துக் கட்டிலில் வைத்தார்.

"ஏன் இத நீங்க பொலிசுக்குக் காட்டல்ல?" என்று சிபானா கேட்டாள்.

"காட்டினா, இது இஞ்ச இரிக்க அது ஏன் அங்க போச்சு எண்டு கேப்பாங்க."

"எங்களுக்கு ஓட்டிக் காட்டுங்க."

"முழுச் சுத்துக்கு நானே இன்னம் ஓட்டிப் பாக்கல்ல. ஓட்டப் போட்டியில, அர்ஹம்ட கையிலதான் முதலாவது எண்டு வச்சிருந்தன்."

சிபானா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். நம்பரை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, வாப்பாவிடம் நீட்டினாள்.

"நான் சொல்ல மாட்டன் வாப்பா. இத நீங்கதான் அவனுக்குச் சொல்லணும்."

அவர் போனை இரண்டு கையாலும் வாங்கினார். கராஜின் நடுவில் நின்றுகொண்டு, மதிலோரம் ஹஸனிடம் சொன்ன அதே கதையைச் சொன்னார். இந்தத் தடவை சொல்ல அதிக நேரம் எடுத்தது. காலைப் பிடித்த இடத்தில் நின்றுவிட்டார். மீராசா வந்து அவர் முழங்கையைப் பிடித்தார். பிறகு மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

போனில் சத்தமில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ இருமுவதும் ஒரு வண்டில் உருள்வதும் மட்டும் கேட்டன.

"மகன்?"

அவர் போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அர்ஹம்... மகன், கேக்குதா?"

"மீராசா நானா பக்கத்தில நிக்கிறாரா?"

"நிக்கிறன் மகன்," என்றார் மீராசா.

"அந்த எஞ்சின் இரிக்கா?"

"இரிக்கி."

பிறகு அர்ஹம் சொன்னான்: "வாப்பா, போன அதுக்குக் கிட்டப் புடிங்க."

ரஜிதனும் மீராசாவும் சட்டத்தைத் தள்ளி வெளியே கொண்டுவந்தார்கள். காரிலிருந்து கழற்றிய பட்டரியைத் தொடுத்து, பெற்றோல் குழாயைப் பூட்டி, குளிர்விக்கத் தண்ணீர்க் குழாயை விட்டார் மீராசா. சுற்றுக் காட்டும் மானியை மேசையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். பிஸ்மி சொல்லி விசையைத் தொட்டார். மோட்டர் முனகாமல் சுழற்றியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஐந்து நிமிடம் மெதுவாகச் சூடேறவிட்டார். பிறகு மூவாயிரம். நாலாயிரம். ஆறாயிரத்தில் தகரக் கூரை அதிரத் தொடங்கியது. பக்கீர் முகைதீன் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் போன் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை. ஏழாயிரத்தில் ரஜிதன் காதைப் பொத்தினான். ஏழாயிரத்து அறுநூறில் மீராசாவின் விரல் ஒரு கணம் தயங்கியது. சிபானா உதட்டைக் கடித்தாள். மானி அந்த இடத்தைக் கடந்தது.

எட்டாயிரம்.

அது அலறவில்லை. ஒரே ஒரு சுரத்தில், மெல்லிய, நேரான, ஆட்டமில்லாத ஒலியாக நின்றது. பக்கத்து மேசையில் கிடந்த ஒரு சிறிய நட்டுக்கூட உருளவில்லை. சம்மாந்துறைக்குப் பன்னிரண்டு தடவை போனதன் அர்த்தம் அப்போதுதான் ஹஸனுக்கு விளங்கியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மூன்றாம் நிமிடம் முடிய மீராசா மெல்ல இறக்கி நிறுத்தினார். அவருடைய கன்னம் நனைந்திருந்தது, துடைக்க நினைக்கவில்லை.

"திங்கக்கிழமை நான் பொலிசுக்கு வாறன்," என்றாள் சிபானா அவரைப் பார்த்து. "முறைப்பாட்ட நான்தான் குடுத்த. நானே உள்ளதச் சொல்லி எடுக்கிறன்."

"நானும் பொய் சொன்ன ஆள்தான் மகள்," என்றார் மீராசா. "அதையும் சொல்லுங்க."

பக்கீர் முகைதீன் போனைக் காதில் வைத்தார். "மகன்... கேட்டுச்சா?"

அர்ஹமின் குரல் வந்தது. அவன் வாப்பாவை மன்னித்தானா இல்லையா என்று அந்தக் குரலில் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இன்னொருக்கா," என்றான்.

பக்கீர் முகைதீன் மீராசாவைப் பார்த்தார். "இன்னொருக்கா ஓட்டட்டாம்."

மீராசா சிரித்தார். இந்த ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அவர் சிரித்து ஒருவரும் கண்டதில்லை.

ஹஸன் மெல்ல வெளியே வந்தார். இனி அங்கே தட்டுவதற்கு ஒரு கதவும் இல்லை. ரஜிதன் பின்னால் ஓடி வந்தான்.

"எங்க நானா? ஏறுங்க, கொண்டுபோய் விடுறன்."

"நீ நிண்டு கேட்டுட்டு வா. நான் வீட்டுக்கு நடந்து போறன்."

ரஜிதன் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி நானா," என்று மட்டும் சொன்னான்.

கடற்கரை வீதியில் அசறு வெயில் மஞ்சளாகக் கிடந்தது. முதலாம் குறுக்கு ஒழுங்கையைக் கடக்கும்போது பின்னால் அந்தச் சுரம் மறுபடியும் ஏறுவது கேட்டது. இரண்டாம் ஒழுங்கையிலும் கேட்டது. மூன்றாம் ஒழுங்கையில் ஹஸன் சற்று நின்று காது கொடுத்தார். எஞ்சின் சத்தம் அங்கே எட்டவில்லை, அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.